தளர்வாக வைத்த நான்கு கைகள்

உட்காருங்கள். அந்த நாற்காலி வேண்டாம், அதற்குக் கால் ஆடும். பலமுறை சொல்லிவிட்டேன், யாரும் மாற்றவில்லை. இதில் உட்காருங்கள். காப்பிக்குச் சொல்லியிருக்கிறேன். காவலாளி வந்து, "நந்து சாரோட அக்கா வந்திருக்காங்க மேடம், உங்களைத்தான் பாக்கணுமாம், ஏதோ கல்யாண விசயமாம்" என்றார். முகம் கழுவிக்கொண்டு வந்தேன், அதனால்தான் தாமதம். கார்பன் தகடு அறுக்கிற அறைக்குப் போய்வந்தால் முகமெல்லாம் கரி படிந்துவிடும். புடவை காலையிலிருந்து கட்டியிருப்பதுதான். மேலே போட்டிருந்த கோட்டைக் கழற்றினேன், அவ்வளவே. பூ எப்போதும் வைப்பேன்.

தாரணியைப் பற்றி விசாரிக்க வந்திருப்பதாக நீங்கள் சொன்னதும் நான் எழுந்து போய் மின்விசிறியைக் கூட்டினேன் அல்லவா, அது உங்களுக்காகத்தான். உடுமலையிலிருந்து பேருந்தில் வந்திருக்கிறீர்கள்.

பெண்ணை அவள் வேலை செய்கிற இடத்தில் விசாரிப்பது நல்ல வழக்கம். வீட்டில் எந்தப் பெண்ணும் பலகாரத் தட்டோடு தலை குனிந்துதான் நிற்பாள். கையில் திருப்புளி இருக்கும்போது பார்க்க வேண்டும். நீங்கள் சரியான ஆளிடம்தான் வந்திருக்கிறீர்கள். நான் நடுநிலையாகச் சொல்வேன். எனக்கு அவள்மேல் விருப்பும் இல்லை, வெறுப்பும் இல்லை. என் பேச்சு சற்றுப் புத்தகம்போல் இருக்கிறதா? என் தந்தை தமிழாசிரியர். எங்கள் வீட்டில் சொல்லை விழுங்கிப் பேசினால் சோற்றுத்தட்டு நகர்ந்துவிடும். பழகிவிட்டது.

உங்கள் தம்பியை எனக்கு நன்றாகத் தெரியும். தோப்புக்கும் தோட்டத்துக்கும் மருந்து தெளிக்கிற டிரோன்கள்தாம் இங்கே செய்கிறோம். நாங்கள் பாகங்களைச் சேர்த்துப் பூட்டுவோம், அவர் பறக்கவிட்டுப் பார்ப்பார். அவர் சரி என்றால்தான் பெட்டிக்குள் போகும். இந்தக் கம்பெனியில் பொறுமை என்று ஒன்று உண்டென்றால் அது அவரிடம்தான் இருக்கிறது. எனக்கும் அவருக்கும் இரண்டு வயதுதான் வேறுபாடு. யாருக்குக் கூட, யாருக்குக் குறைய என்பது இங்கே தேவையில்லை.

எங்கள் வேலையைச் சொன்னால்தான் அந்தப் பெண்ணின் குணம் உங்களுக்கு விளங்கும். டிரோனின் நடுவில் இரண்டு தட்டுகள், கீழே ஒன்று, மேலே ஒன்று. இரண்டுக்கும் இடையிலிருந்து நான்கு கைகள் நான்கு மூலைக்கும் நீளும். ஒவ்வொரு கையின் நுனியிலும் ஒரு மோட்டார். எதிரெதிர் மூலையில் இருக்கும் மோட்டார்கள் ஒரே பக்கம் சுற்றும். மற்ற இரண்டும் மறுபக்கம் சுற்றும். இவ்வளவுதான்.

நான் முதல் கையை அதன் பள்ளத்தில் வைப்பேன். திருகுகளில் நீலப் பசை தொடுவேன்; பறக்கும் அதிர்வில் திருகு கழலாமல் அந்தப் பசைதான் பிடித்துக்கொள்ளும். முழுவதும் முறுக்குவேன். வழிந்ததைத் துடைப்பேன். திருகின் தலையிலிருந்து தட்டுவரை வெள்ளை மையால் சிறு கோடு ஒன்று இடுவேன். பின்னால் திருகு அசைந்தால் கோடு உடைந்து காட்டிக்கொடுக்கும். கோடு எல்லாரும்தான் இடுகிறார்கள். என் கோடுகள் எல்லாம் ஒரே திசையைப் பார்க்கும். அதன் பிறகே இரண்டாவது கையைத் தொடுவேன். ஒன்றை முடிக்காமல் அடுத்ததற்குப் போக எனக்கு வராது. சமையலும் அப்படித்தான், பேச்சும் அப்படித்தான்.

அவள் வந்தாள் பாருங்கள். பாலிடெக்னிக் படித்தவள்தான், படிப்பில் குறை சொல்ல மாட்டேன். நான்கு கைகளையும் தொளதொளவென்று செருகி வைப்பாள். ஒரு திருகையும் முறுக்க மாட்டாள். நான்கையும் பிடித்து ஆட்டுவாள். "உக்காருங்க, உக்காருங்க, எல்லாரும் நல்லா உக்காருங்க" என்று அவற்றோடு பேச்சு வேறு. பிறகு இந்த மூலையில் கால்வாசி முறுக்கு, எதிர்மூலையில் கால்வாசி முறுக்கு, மறுபடியும் இங்கே கொஞ்சம், அங்கே கொஞ்சம். எதையும் முடிக்க மாட்டாள், எல்லாவற்றையும் தொட்டுக்கொண்டே இருப்பாள். பசையும் கோடும் கடைசியில்தான். அந்தக் கோடுகளை நீங்கள் பார்க்க வேண்டும். ஒன்று கிழக்கே போகும், ஒன்று மேற்கே போகும்.

முறைப்படி செய்யச் சொன்னேன். மூத்தவள், சொல்ல வேண்டியது என் கடமை. அவள் என்ன சொன்னாள் தெரியுமா?

"ஏனுங்க மேடம், பந்தியில நாலு பேரு உக்காந்தா, ஒருத்தருக்கு மட்டும் பாயாசம் வரைக்கும் போட்டு முடிச்சுட்டா அடுத்தவருக்கு எலை போடுவீங்க?"

மேசை மேசையாகச் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். எனக்கும் நகைச்சுவை உண்டு. ஆனால் பந்தி வேறு, டிரோன் வேறு என்று அவளுக்கு யார் சொல்வது?

காப்பி வந்துவிட்டது, எடுத்துக்கொள்ளுங்கள். சர்க்கரை கம்மியாகப் போடச் சொன்னேன். உங்கள் வீட்டில் சர்க்கரை கம்மி என்று நந்தகோபால் ஒருமுறை பேச்சுவாக்கில் சொன்னது நினைவில் இருந்தது.

அவள் வருவதற்கு முன்பு உங்கள் தம்பி பெரும்பாலும் என் மேசையில்தான் இருப்பார். நான் மிகைப்படுத்தவில்லை, யாரை வேண்டுமானாலும் கேளுங்கள். நான் பூட்டிய டிரோனைப் பறக்கவிட்டு, இறக்கி, கையில் தூக்கிக்கொண்டு நேரே வருவார். "மேடம், லேசா ஒரு பக்கம் திரும்புதுங்க. ஒருக்கா பாத்துடலாமா?" என்பார். ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்காருவார். நான் ஒவ்வொரு திருகாகப் பார்ப்பேன். ஒன்றும் அசைந்திருக்காது, கோடு ஒன்றுகூட உடைந்திருக்காது. "எல்லாம் சரியாகத்தானே இருக்கிறது?" என்பேன். "அதானுங்க, எங்கன்னு புடிபடல" என்பார். மறுநாள் வேறொரு டிரோனைத் தூக்கிக்கொண்டு வருவார். அதே சாக்கு. ஒரு பக்கம் திரும்புகிறதாம். காற்றாக இருக்கும் என்பேன். சரிங்க என்று தலையாட்டிவிட்டு, வாரம் முடிவதற்குள் மறுபடியும் வந்து நிற்பார். ஒரு பெண்ணுக்கு இது புரியாதா? நான் எதையும் காட்டிக்கொள்ளவில்லை. ஸ்டூலைத் துடைத்து வைப்பேன், அவ்வளவுதான்.

மதிய வேளைகளில் என் டப்பாவிலிருந்து அரிசிம்பருப்புச் சோறு எடுத்துக்கொள்வார். "எங்கக்கா செய்யறாப்பலயே இருக்குதுங்க மேடம்" என்பார். உங்கள் கைப்பக்குவத்தோடு ஒப்பிட்டுச் சொல்லியிருக்கிறார், இதைவிட ஓர் ஆண்மகன் என்ன சொல்வான்?

அந்தப் பெண்ணின் டிரோனை அவர் ஒருநாளும் திருப்பிக் கொண்டுவந்ததில்லை. இதை நீங்கள் குறித்துக்கொள்ள வேண்டும். போகும், பறக்கும், பெட்டிக்குள் போய்விடும். அவள் வேலையை அவர் பொருட்படுத்தியே பார்த்ததில்லை. அப்படியிருக்க, அவள் மேசையில் அவருக்கு என்ன வேலை? முதலில் போகிறபோக்கில் நின்றார். பிறகு சாய்ந்து நின்றார். பிறகு, என் மேசையருகே கிடந்த ஸ்டூலை, "இது வேணுங்களா மேடம்?" என்று என்னிடமே கேட்டு எடுத்துக்கொண்டு போனார். வேண்டும் என்று எப்படிச் சொல்வது? ஒரு ஸ்டூலுக்காகவா?

அதற்கும் மேலே ஒன்று நடந்தது. நான் பூட்டிய டிரோன் ஒன்றை அவர் என்னிடம் கொண்டுவராமல் அவளிடம் கொண்டுபோனார். இருவரும் அதைப் பிரித்தார்கள். என் கண்ணெதிரே. பசை இறுகிய திருகைச் சும்மா கழற்ற முடியாது, சூடு காட்ட வேண்டும். அவர் சூடு காட்டினார், அவள் கழற்றினாள். என் கோடுகள் ஒவ்வொன்றாக உடைந்தன. நான்கு கைகளையும் தளர்த்தி, அவர் பிடித்துக்கொள்ள, அவள் ஆட்டி ஆட்டி உட்காரவைத்தாள். "இப்பப் பாருங்க, படிஞ்சுருச்சு. முன்னாடி இந்தக் கை ஒக்காரவே இல்ல, முட்டிக்கிட்டு நின்னுருக்கு" என்றாள். மெதுவாகத்தான் சொன்னாள், ஆனாலும் எனக்குக் கேட்டது. அவர் அதை வெளியே கொண்டுபோய்ப் பறக்கவிட்டார். நன்றாகப் பறந்தது என்றார்கள். அன்றைக்குக் காற்றே இல்லை, நான் சன்னல் வழியாகப் பார்த்தேன், வேப்பமரத்தில் ஓர் இலை அசையவில்லை. காற்றில்லாத நாளில் எதுதான் நன்றாகப் பறக்காது?

இல்லை, கோபம் எல்லாம் இல்லை. முறை என்று ஒன்று இருக்கிறது, அதைத்தான் சொல்கிறேன்.

இப்போது முக்கியமானதற்கு வருகிறேன். இதைக் கேட்ட பிறகு நீங்களே முடிவு செய்யலாம். ஆனைமலைப் பக்கம் ஒரு தோப்பில் விவசாயிகளைக் கூட்டி டிரோனைக் காட்ட ஏற்பாடு. முதலாளி சென்னியப்பன் பெரிதாக நம்பியிருந்தார். அந்த டிரோனைப் பூட்டத் தாரணியிடம் கொடுத்தார். என்னிடம் கொடுக்கவில்லை. ஏன் என்று நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. அடுத்தநாள் அனுப்ப வேண்டிய டிரோன்கள் என் மேசையில் நிறைய இருந்தன.

மதியச் சாப்பாட்டுக்கு எல்லாரும் போனார்கள். நான் கைகழுவ எழுந்தவள் அவள் மேசையைப் பார்த்தேன். நான்கு கைகளும் தொளதொளவென்று கிடக்கின்றன. ஒரு திருகும் முறுக்கப்படவில்லை. அரைகுறையாக விட்டுவிட்டுச் சோற்றுக்குப் போயிருக்கிறாள். அங்கே சாப்பிடும் இடத்தில் அவளும் உங்கள் தம்பியும் சிரிப்பது கேட்கிறது. என்னால் அதைப் பார்த்துக்கொண்டு போக முடியவில்லை. அரைகுறையாகக் கிடக்கிற எதையும் பார்த்துக்கொண்டு போக எனக்கு வராது. உட்கார்ந்தேன். முதல் கை, பசை, முழு முறுக்கு, கோடு. இரண்டாவது கை. முறைப்படி, ஒவ்வொன்றாக. நான் சாப்பிடக்கூட இல்லை. முடித்துவிட்டு என் மேசைக்கு வந்துவிட்டேன்.

அவள் திரும்பி வந்து பார்த்தாள். "அட, முடிஞ்சு போச்சா? யாருங்க இது?" என்றாள். செய்த உதவியைப் பறைசாற்றுவது என் வழக்கமில்லை, பேசாமல் இருந்தேன். அவள் கோடுகளைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். நன்றி என்று ஒரு சொல் இல்லை. முதலாளியிடம் போய், "ஒருக்கா பிரிச்சுப் பாத்துக்கறனுங்க" என்றாள். முடித்துக் கொடுத்த வேலையைப் பிரிக்க வேண்டுமாம். அவர், "வண்டி நிக்குது கண்ணு, தூக்கு" என்றார்.

தோப்புக்கு நானும் போயிருந்தேன். தண்ணீர்தான் நிரப்பியிருந்தார்கள், மருந்து இல்லை. நந்தகோபால் ஏற்றினார். ஏறியது. தென்னை மட்டைக்குக் கீழே நின்று, மெல்லத் திரும்ப ஆரம்பித்தது. அவர் ஒரு பக்கம் இழுக்கிறார், அது செக்குமாடுபோல் மறுபக்கம் வருகிறது. தெளிப்பான் திறந்திருந்தது. முன்வரிசையில் வெள்ளை வேட்டியோடு உட்கார்ந்திருந்த பெரிய மனிதர்கள் அத்தனை பேரையும் நனைத்துவிட்டுத்தான் இறங்கியது.

ஒருவர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டே, "ஏனுங்க, பூச்சி இங்கதான் உக்காந்திருக்குதுன்னு அதுக்கு எப்படித் தெரிஞ்சுது?" என்றார். தோப்பே சிரித்தது. முதலாளி சிரிக்கவில்லை.

திரும்பி வந்ததும் எல்லாரையும் நிறுத்தி, "இதை முடிச்சது யாரு?" என்று கேட்டார். உங்கள் தம்பி டிரோனைத் திருப்பி வைத்துக்கொண்டு கோடுகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு தலைநிமிர்ந்து என்னைப் பார்த்தார். என் வேலையை அவர் கண்டுகொண்டார், அதில் ஐயமில்லை. எத்தனை கோடுகளுக்கு நடுவில் போட்டாலும் என் கோட்டை அவர் அறிவார். பூட்டியதில் குறை இல்லை, தோப்புக்காற்று அப்படி என்று விளக்கிச் சொல்ல நான் வாயெடுத்தேன். அதற்குள் அவள் முந்திக்கொண்டாள்.

"நாந்தானுங்க முடிச்சேன்" என்றாள்.

கேட்டீர்களா? நான் முடித்த வேலை. நான் பட்டினி கிடந்து முடித்த வேலை. அதைத் தன் வேலை என்கிறாள், கூசாமல். அடுத்தவர் உழைப்புக்குத் தன் பெயரை வைத்துக்கொள்கிற பெண்ணை நீங்கள் எந்தக் கணக்கில் சேர்ப்பீர்கள்? முதலாளி அவளை அன்றைக்கே மேசையிலிருந்து எடுத்துப் பெட்டி கட்டும் இடத்துக்கு அனுப்பிவிட்டார். அதற்காகவாவது வாடினாளா? அட்டைப்பெட்டியைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு, "இங்க நல்லா நெழலா இருக்குதுங்க" என்று மற்றவர்களைச் சிரிக்கவைத்துக்கொண்டிருக்கிறாள். நான் அப்போது எதுவும் சொல்லவில்லை. பெயருக்கு ஆசைப்படுகிறவள் அல்ல நான்.

மறுநாள் தண்ணீர் குடிக்கப் போனபோது அவர்கள் இருவரும் அந்தப் பக்கம் நின்று பேசிக்கொண்டிருந்தார்கள். ஒட்டுக்கேட்கவில்லை, குழாயில் நீர் மெதுவாகத்தான் வரும். "ஏன் தாரணி அப்படிச் சொன்ன?" என்றார் அவர். "விடுங்க. அரசி மேடத்துக்கு இந்த மேசைய விட்டா வேற என்ன இருக்குது?" என்றாள் அவள். எதைப் பற்றிய பேச்சோ, எனக்குத் தெரியாது. ஆனால் அந்தச் சொல் இருக்கிறதே. எனக்கா ஒன்றும் இல்லை? சிங்காநல்லூரில் அப்பா கட்டிய வீடு இருக்கிறது. மாடியில் குடியிருப்பவர்கள் இருக்கிறார்கள். எனக்கு வந்த சம்பந்தங்கள் இவளுக்கு வந்திருக்காது; ஒவ்வொன்றிலும் ஏதோ ஒன்று பொருந்தாமல் இருந்தது, நான் விட்டேன். பொருந்தாததை முறுக்கிப் பூட்ட நான் ஒத்துக்கொள்ளவில்லை.

அவர் அவளைப் பார்த்துக்கொண்டு நின்றார். அவர் அப்படிப் பார்த்து நான் கண்டதில்லை. டம்ளர் நிரம்பி வழிந்து என் கால் நனைந்த பிறகுதான் குழாயை மூடினேன்.

என்ன கேட்டீர்கள்? வேறு யாரோடாவது பழக்கம் உண்டா என்றா?

கேட்க வேண்டிய கேள்விதான். இதைக் கேட்கத்தானே இவ்வளவு தூரம் வருகிறார்கள்.

ஒன்று பார்த்திருக்கிறேன். மழை பெய்த ஒரு மாலை. வாசலில் ஒருவன் வண்டியோடு நின்றான். தாரணி ஓடிப்போய்ப் பின்னால் ஏறினாள். அவன் தன் மழைக்கோட்டைக் கழற்றி அவளுக்குப் போட்டுவிட்டான். அவன் தோளைப் பிடித்துக்கொண்டு போனாள்.

உங்கள் முகம் மாறிவிட்டது.

காப்பியைக் குடியுங்கள், ஏடு படிகிறது. இல்லையா, போதுமா? சரி, வைத்துவிடுங்கள்.

நீங்கள் என்னைப் பார்க்கிறீர்கள். மேற்கொண்டு கேட்கவும் உங்களுக்குக் கூச்சம், கேட்காமல் போகவும் மனமில்லை. நான் இத்தோடு நிறுத்திக்கொண்டாலும் பொய் சொன்னதாக ஆகாது. பார்த்ததைத்தான் சொன்னேன்.

அவன் அவளுடைய அண்ணன். உடன்பிறந்தவன். மறுநாள் நானே கேட்டு, அவள் சொல்லி, பிறகு அவன் தன் மனைவியோடு இங்கே வந்தபோது கண்ணாலும் பார்த்தேன். வேறு யாரும் இல்லை. அவளுக்கு வேறு பழக்கம் எதுவும் இல்லை. எங்கே வேண்டுமானாலும் சொல்வேன். அரைகுறையாகச் சொல்லிவிட்டு எழுந்துபோக எனக்கு வரவில்லை, அவ்வளவுதான். இதற்கு நீங்கள் என் கையைப் பிடித்துக்கொள்ள வேண்டியதில்லை.

சிரிக்கிறீர்கள். நான் சொன்னதில் எது உங்களுக்கு மகிழ்ச்சியாக இருந்தது? அவள் முறையின்றிப் பூட்டுகிறாள் என்றேன். மூத்தவளிடம் வாயடிக்கிறாள் என்றேன். என் வேலையைத் தன் வேலை என்றாள் என்றேன். இதற்கு மேல் என்ன வேண்டும்? பெண்ணைப் பார்த்துவிட்டே போகிறீர்களா? போங்கள். பெட்டி கட்டும் இடம் இடப்பக்கம்.

சற்று நில்லுங்கள். இங்கே இத்தனை பேர் இருக்க, என்னை ஏன் தேடி வந்தீர்கள்? மூத்தவள் என்பதாலா?

உங்கள் தம்பியா சொன்னார்? என்னவென்று?

"அரசி அக்காகிட்டயே கேளு. அவங்களுக்கு இவளக் கண்டாலே ஆகாது. பொய்யும் சொல்ல வராது. அவங்க சொல்லியும் இவ மேல குத்தம் தெரியலைன்னா குத்தமே இல்லைன்னு அர்த்தம்."

அப்படியா சொன்னார்.

எனக்கு அவளைக் கண்டால் ஆகாதா? நீங்களே சொல்லுங்கள். காப்பி ஆறும்வரை உங்களோடு பேசிக்கொண்டிருந்தேன். அப்படி ஒரு சொல் என் வாயிலிருந்து வந்ததா?

இல்லை, சொல்ல வேண்டாம். போங்கள், சாப்பாட்டு மணி அடித்தால் அவள் எழுந்து போய்விடுவாள்.

ஒன்று மட்டும். அவர் சொன்னதை அப்படியேதான் சொன்னீர்களா? நீங்களாக எதையும் சேர்க்கவில்லையே? அக்கா என்றேதான் சொன்னாரா?

இங்கே என்னை மேடம் என்றுதான் அழைப்பார்.